துன்ப நாளில் மகிழ்ச்சி கேட்பது சரியா? இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து சில கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், மூக்கையூர் எனக் கடலை நம்பிய ஊர்களில், அன்பியக் கூட்டம் (பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் பங்குக் குழு) முடிந்த பிறகும் துக்க வீட்டுத் திண்ணையிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. பதில்களைக் கத்தோலிக்கப் பழக்கத்தில் எழுதியிருக்கிறேன். சி.எஸ்.ஐ. சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் தங்கள் சொற்களுக்கு மாற்றி வாசித்துக்கொள்ளலாம். உயிர்வாழவே பிடிக்கவில்லை என்ற நிலையில் இருப்பவர்கள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, "செபித்தும் தூக்கம் வரவில்லை" என்று தொடங்கும் கேள்விக்கு நேரே போங்கள்.

என் கணவர் படகோடு பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கிறார். கோவிலில் "ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்" என்று வாசிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. இது பாவமா?

பாவம் இல்லை. அந்த வரியை யார், எங்கே இருந்து எழுதினார் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் கோபம் கொஞ்சம் தணிந்திருக்கும்.

திருத்தூதர் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் வரும் வரி அது. அதை அவர் சிறையிலிருந்து எழுதினார். விடுதலையா, மரணமா என்று தீர்ப்புத் தெரியாமல் இருந்த நாள்கள் அவை. பிலிப்பி நகரத்துச் சபையார் எப்பப்பிராதித்து என்பவர் கையில் அவருக்கு உதவி கொடுத்தனுப்பினார்கள். வந்த இடத்தில் எப்பப்பிராதித்து நோயில் விழுந்து சாகக் கிடந்தார். அவர் பிழைத்ததைச் சொல்லும்போது, "துயரத்துக்கு மேல் துயரம்" வராதபடி கடவுள் தம்மீதும் இரக்கம் வைத்தார் என்கிறார் பவுல். அடுத்த அதிகாரத்தில் கண்ணீரோடு எழுதுவதாகச் சொல்கிறார். "மகிழுங்கள்" என்ற வரி அதற்குப் பிறகுதான், நான்காம் அதிகாரத்தில் வருகிறது. அழுதுகொண்டிருந்த ஒருவர், அழுகையை மறைக்காமல், அதே கடிதத்தில் எழுதிய வரி அது. பிரசங்க மேடையில் அந்த ஒரு வரியை மட்டும் பிடுங்கி வாசித்தால் உங்களுக்குக் கோபம் வருவது நியாயம்.

அதே அதிகாரத்தில் இன்னும் ஆறு வரி தள்ளிப் பாருங்கள். தமக்குப் பெருமகிழ்ச்சி உண்டானதற்குப் பவுல் காரணம் சொல்கிறார்: பிலிப்பி மக்களுக்குத் தம்மைப் பற்றிய அக்கறை மறுபடி தளிர்த்ததாம். சிறைக்கு ஆள் வந்தார், பொருள் வந்தது, தம்மை மறக்கவில்லை என்று தெரிந்தது. கிறிஸ்தவ மகிழ்ச்சி என்று நான் நம்புவது இதைத்தான். அது பெரும்பாலும் இன்னொரு மனிதரின் கை வழியாக வந்து சேர்கிறது. உங்கள் வீட்டுக்கு அப்படி யாரும் இதுவரை வரவில்லை என்றால் அது உங்கள் விசுவாசக் குறை அல்ல, எங்கள் பங்கின், அதாவது எங்கள் கோவில் சமூகத்தின் குறை. அன்பியத் தலைவரிடமோ பங்குத்தந்தையிடமோ "எனக்கு ஆள் துணை வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வழக்கறிஞரைப் பார்க்க, மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளியில் விட, எதற்கு வேண்டுமானாலும் கேட்கலாம்.

அப்படியானால் அழலாமா? "விசுவாசி அழக்கூடாது" என்று எங்கள் ஊருக்கு வந்த ஒரு பிரசங்கியார் சொன்னார்.

இலாசரின் கல்லறைக்கு முன்னால் இயேசு அழுதார். இன்னும் சிறிது நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். திருப்பாடல்களில் ஏராளமானவை புலம்பல்களே. எண்பத்தெட்டாவது பாடல் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசி வரியில்கூட ஆறுதல் இல்லை. அதையும் இறைவேண்டல் என்றுதான் திருச்சபை சேர்த்து வைத்திருக்கிறது. நம் பெண்கள் தலைவிரித்து, மாரடித்து வைக்கும் ஒப்பாரியை "அஞ்ஞானப் பழக்கம்" என்று அதட்டி நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கடவுளைப் பார்த்து "ஏன் இப்படிச் செய்தாய்" என்று கேட்கிற ஒப்பாரிக்கும் திருப்பாடலுக்கும் தூரம் அதிகம் இல்லை.

கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அடக்கம் செய்யவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. இந்த நிலையில் நான் எதை வைத்து மகிழ்வது?

இந்தக் கடற்கரையில் கேட்கப்படும் கேள்விகளில் இதைவிடக் கடினமானதை நான் அறியேன்.

நடைமுறையை முதலில் சொல்கிறேன். கடலோரப் பாதுகாப்புக் குழும காவல் நிலையத்தில் புகார் பதிவாகியிருக்கிறதா, மீன்வளத்துறைக்கு எழுத்தில் தெரிவித்தாயிற்றா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நகல்களைப் பத்திரமாக வையுங்கள். ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் அவர் இறந்ததாகச் சட்டம் பொதுவாக அனுமானிக்கும். அதுவரை வங்கிக் கணக்கு, நலவாரிய உதவி, இறப்புச் சான்றிதழ் எல்லாம் இழுபறியாகவே இருக்கலாம். இதற்கெல்லாம் அலையும் உடம்பில் மகிழ்ச்சியைத் தேடச் சொல்வது கொடுமை. உங்களோடு அலைய ஓர் ஆள் வேண்டும்.

பிறகு மகதலா மரியாவைப் பாருங்கள். உயிர்ப்பு நாளின் காலையில் அவர் கல்லறைக்கு வெளியே நின்று அழுததற்குக் காரணம் உடலைக் காணவில்லை என்பதே. "ஆண்டவரை எங்கே வைத்தார்களோ தெரியவில்லை" என்றுதான் புலம்பினார். நம் தாய்மார்கள் கரையில் நின்று புலம்பும் அதே சொல். உங்கள் மகன் திரும்பி வருவான் என்பதற்கு இதை நான் வாக்குறுதியாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. உடல் கிடைக்காத துக்கத்தோடு நின்ற ஒருத்தியிடம்தான் உயிர்த்த இயேசு முதலில் வந்தார், பெயர் சொல்லி அழைத்தார் என்று யோவான் எழுதிவைத்திருக்கிறார். அந்தத் துக்கம் அவருக்குத் தெரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பேரப்பிள்ளை ஏதோ சொல்ல, உங்களை அறியாமல் சிரித்துவிடுவீர்கள். அடுத்த நொடி, "அவன் எங்கே கிடக்கிறானோ, நான் சிரிக்கிறேனே" என்று நெஞ்சு அடைக்கும். பல தாய்மார்கள் இதை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு துரோகம் இல்லை. அது வந்தால் வரட்டும். இப்போதைக்கு அவ்வளவு போதும், அதற்கு மேல் யாரும் உங்களிடம் கேட்கக் கூடாது. மகனுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க விரும்பினால் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். "இறந்தவருக்காக" என்று சொல்ல மனம் வராவிட்டால், அவன் பெயரை மட்டும் சொல்லி மன்றாடச் சொல்லுங்கள்.

நாங்கள் செய்த பாவத்துக்குத்தான் கடவுள் தண்டித்துவிட்டாரா?

இல்லை. சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அப்படி இல்லை என்று அவரே பதிலும் சொன்னார்.

ஓரியூர் அருளானந்தர் சிரித்த முகத்தோடு சாவை ஏற்றார் என்கிறார்கள். எங்களால் ஒரு நோயைக்கூடத் தாங்க முடியவில்லை. எங்கள் விசுவாசம் அவ்வளவுதானா?

அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) முழுதாகத் தெரிந்துகொண்டால் இந்தத் தாழ்வு மனம் வராது. லிஸ்பனில் 1647இல் பிறந்து, போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்தவர். சேசு சபைக் குருவாகி மதுரை மிஷனுக்கு வந்து, காவி உடுத்தி, புலால் விலக்கி, தமிழ்த் துறவியர் போலப் பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்தார். 1686இல் மறவ நாட்டில் பிடிபட்டுக் கடுமையாகச் சித்திரவதை செய்யப்பட்டார். விடுதலையாகி ஐரோப்பாவுக்குப் போனபோது அங்கேயே தங்கிவிடும்படி அரசரே வற்புறுத்தினார். கேட்காமல் திரும்பி வந்தார்.

மறவ நாட்டு அரசர் சேதுபதியின் உறவினரான தடியத்தேவர் நோயிலிருந்து நலமாகி, திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவு செய்தார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி சேதுபதி குடும்பத்துப் பெண். அவள் முறையிட்டதில் அரண்மனை கொதித்தது. அருளானந்தரைக் கைதுசெய்து ஓரியூருக்கு அனுப்பி, 1693 பிப்ரவரி 4ஆம் நாள் தலையை வெட்டினார்கள். அன்று திருநீற்றுப் புதன். முந்தைய நாள் சிறையிலிருந்து உடன் குருக்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில் சாவை ஆவலோடு எதிர்பார்ப்பது தெரிகிறது. அவருக்குப் புனிதர் பட்டம் 1947இல் கிடைத்தது. அவர் இரத்தம் சிந்திய செம்மண்ணை இன்றும் மதம் பாராமல் மக்கள் நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள்.

இதில் நான் பார்ப்பது: ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்தும், பட்டினி கிடந்தும், அடிபட்டும், ஒவ்வொரு நாளும் செபித்தும் வந்த ஒருவரின் கடைசி நாள் அது. அந்தக் கடைசி நாளை எடுத்து, நேற்று விதவையான ஒருத்தியின் முகத்துக்கு முன்னால் நீட்டி, "பார், இப்படி இரு" என்று சொல்லக் கூடாது. அருளானந்தரே அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவருக்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால், மண்டபம் பக்கத்து வேதாளையில், அந்தோனியோ கிரிமினாலி என்ற இளம் குரு 1549இல் கொல்லப்பட்டார். படை நெருங்கியபோது அவர் படகேறித் தப்பித்திருக்கலாம். பெண்களையும் பிள்ளைகளையும் படகுகளில் ஏற்றிவிடுவதற்காகக் கரையிலேயே நின்றார். அவரும் நம் கடற்கரையின் சாட்சிதான். அவரைப் பற்றி யாரும் "சிரித்தார்" என்று சொல்வதில்லை. கூட நின்றார் என்றுதான் சொல்கிறோம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் கடன் ஏறுகிறது, வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார். மகிழ்ச்சியைப் பற்றிப் பேசினால் வயிறு நிரம்புமா?

நிரம்பாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகு கரையில் கிடக்கும்போது, படகுத் தொழிலாளி வீட்டில் முதலில் வேண்டியது அரிசி.

யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை மீனவர்கள் வாசித்தால் மற்றவர்களைவிட நன்றாகப் புரியும். பேதுருவும் கூட்டாளிகளும் திபேரியக் கடலில் இரவு முழுக்க வலை வீசி, ஒன்றும் படாமல் விடியற்காலையில் கரை திரும்புகிறார்கள். உயிர்த்த இயேசு அங்கே நிற்கிறார். வலது பக்கம் வீசச் சொன்னார், 153 பெரிய மீன்கள் பட்டன என்பது எல்லாருக்கும் தெரிந்த பகுதி. அவர்கள் கரையேறும்போது அங்கே கரிநெருப்பு மூட்டியிருந்தது, அதன்மேல் மீன் வெந்துகொண்டிருந்தது, ரொட்டியும் இருந்தது. "உணவருந்த வாருங்கள்" என்றார். தம்மை மறுதலித்த பேதுருவிடம் கேட்க வேண்டிய கேள்வி இருந்தும், சாப்பிட்டு முடித்த பிறகே கேட்டார்.

ஆகவே பங்கில் அன்பியங்கள் இருக்கின்றன என்றால், தடைக்காலத்தில் அவை செய்ய வேண்டிய முதல் வேலை எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பார்ப்பது. அரசின் தடைக்கால நிவாரணம் யாருக்கு வந்தது, யாருக்கு விடுபட்டது என்று கணக்கெடுப்பதும் செபத்தோடு சேர்ந்த வேலைதான். கந்துவட்டி மிரட்டல் என்றால் தனியாகச் சமாளிக்காதீர்கள். நாலு பேரோடு போய்ப் புகார் கொடுங்கள்.

"காணிக்கை போடு, கடன் தீரும்" என்று ஒரு ஊழியர் சொல்கிறார். போடலாமா?

வேண்டாம். கடன் வாங்கிக் காணிக்கை போடச் சொல்கிறவர் எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும், அவருக்குக் கதவைத் திறக்காதீர்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஒவ்வொரு நாளும் என்ன செய்வது?

சிறியதாகத் தொடங்குங்கள். மாலை விளக்கு வைத்ததும் ஒரு திருப்பாடல், அதில் எந்த வரி உங்கள் நிலைமையைச் சொல்கிறதோ அதை இரண்டு முறை. செபமாலை முழுதும் சொல்லத் தெம்பில்லை என்றால் பத்து மணி மட்டும். நன்றி சொல்ல ஒரு விஷயம். அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை: இன்று தண்ணீர் லாரி வந்தது, மகளுக்குக் காய்ச்சல் விட்டது. ஒன்றும் தோன்றாத நாளில் சும்மா இருங்கள். பொய்யாக நன்றி சொல்ல வேண்டாம்.

முடிந்தால் பாடுங்கள். பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரல்களில் பழைய துணிக் கீற்றுகளை இறுகச் சுற்றி, காலில் ரப்பர் செருப்போடு இறங்குவார்கள். அப்படியும் பாறை கீறிவிடும். உப்புத் தண்ணீரில் அது எரியும். கரையில் மூட்டையை இறக்கிவிட்டு, விரலில் ஒட்டிப்போன துணியைப் பல்லால் பிரித்துக்கொண்டே ஓர் அக்கா மாதா பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். "வலிக்கவில்லையா அக்கா?" என்று கேட்டேன். "வலிக்கத்தான் செய்கிறது தம்பி. பாடினால் கூட ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது" என்றார். துணியைப் பிரித்து முடிக்கும்வரை அந்தப் பாட்டு நிற்கவில்லை.

பவுல் கப்பலில் போன கதையும் இதற்கு உதவும். திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரம். பதினான்கு நாள்கள் புயல், சூரியனும் இல்லை, விண்மீனும் இல்லை, 276 பேர் ஒழுங்காகச் சாப்பிடாமல் கிடக்கிறார்கள். கப்பல் உடையப்போகிறது. பவுல் அத்தனை பேர் முன்னாலும் அப்பத்தை எடுத்து, கடவுளுக்கு நன்றி சொல்லி, பிட்டு உண்ணத் தொடங்குகிறார். பார்த்தவர்களுக்கும் தெம்பு வந்து சாப்பிட்டார்கள். அதன் பிறகுதான் கப்பல் உடைந்தது. சரக்கும் கப்பலும் போயின, ஆள்கள் அத்தனை பேரும் கரை சேர்ந்தார்கள். புயல் ஓய்ந்த பிறகு சொன்ன நன்றி அல்ல அது. கடலில் மாட்டிக்கொண்ட அனுபவம் உள்ளவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் சாவு நடந்த வருடத்தில் கிறிஸ்து பிறப்பு விழா கொண்டாடலாமா?

புத்தாடை, வெடி, பலகாரம் வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். நள்ளிரவுத் திருப்பலியை மட்டும் விடாதீர்கள். கூட்டத்தைப் பார்க்க முடியாவிட்டால் கடைசி வரிசையில் அமர்ந்துவிட்டு வாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயலும் கடலும் தனுஷ்கோடியை விழுங்கி, பாம்பனிலிருந்து போன ரயிலை அதில் இருந்தவர்களோடு கொண்டுபோனபோது, கிறிஸ்து பிறப்புக்கு இருந்தது மூன்றே நாள். கூரையில்லாமல் நிற்கும் அந்தத் தேவாலயச் சுவர்களைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். நமக்கு அது திருப்பலி நடந்த இடம். அந்த வருடமும் டிசம்பர் 25 வந்தது. பிள்ளை பிறந்த செய்தி முதலில் போனதும் இரவில் வெட்டவெளியில் கிடந்தவர்களுக்குத்தான்.

பலகாரம் சுடாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் கொண்டுவந்து கொடுப்பது நம் ஊர் வழக்கம். இந்துவும் இஸ்லாமியரும்கூடக் கொண்டுவருவார்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் போக ஆசை. நம் ஆள்கள் சிறையில் இருக்கும்போது போவது சரியா?

ஊர் கூடி முடிவு செய்வதை மதியுங்கள். 2024இல் சிறைப்பட்டவர்களுக்காக இராமேசுவரம் மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். அதுவும் அன்பினால் செய்ததே. போகிற ஆண்டில் போனால், பக்கத்தில் முழந்தாளிடுகிறவர் யார் என்று பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் வந்த மீனவர் அவர். நம் இழுவைமடியால் தங்கள் வலை அறுந்தது, தங்கள் கடல் வறண்டது என்ற வருத்தம் அவருக்கு உண்டு. நமக்கு நம் சிறைவாசிகளின் வருத்தம். ஒரே சிலுவைப்பாதையில் இரண்டு வருத்தமும் நடக்கிறது. அங்கே அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்தால், தேர் பவனி தரும் மகிழ்ச்சியைவிட அதை நான் பெரிதாக நினைப்பேன்.

செபித்தும் தூக்கம் வரவில்லை. செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. நான் கடவுளை விட்டு விலகிவிட்டேனா?

விலகவில்லை. இப்போதே பக்கத்தில் இருக்கிறவரிடம், இந்தச் சொல்லையே, சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104ஐயும் அழைக்கலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பதும் மாத்திரை சாப்பிடுவதும் விசுவாசக் குறைவு இல்லை.

இறைவாக்கினர் எலியா பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ் அமர்ந்து, "ஆண்டவரே, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று வேண்டினார். வானதூதர் வந்து அவரைக் கண்டிக்கவில்லை. தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், தூங்கவிட்டார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். வீட்டில் இருப்பவர்களும் அதையே செய்யுங்கள். தனியாக விடாதீர்கள், மருந்து, கயிறு, பூச்சிக்கொல்லி எதையும் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள், உபதேசம் செய்யாதீர்கள்.

துக்க வீட்டுக்குப் போனால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. வசனம் சொல்லலாமா?

கேட்டால் சொல்லுங்கள். "கடவுள் காரணமில்லாமல் செய்யமாட்டார்", "அவருக்குப் பிரியமானதால் எடுத்துக்கொண்டார்" என்ற இரண்டையும் தயவுசெய்து சொல்லாதீர்கள். போய் உட்காருங்கள். கஞ்சி கொண்டுபோங்கள், குழந்தைகளைக் குளிப்பாட்டுங்கள், மின்கட்டண ரசீதை வாங்கிப்போய்க் கட்டிவிடுங்கள். அடக்கத்தன்று வீடு நிறைய ஆள் இருக்கும், ஏழாம் நாளும் இருக்கும். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் உறவினர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். அதற்கு அடுத்த வாரம், சாயங்கால வேளையில், நீங்கள் போங்கள். போகும்போது அடுத்து எந்தக் கிழமை வருவீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள், அந்தக் கிழமை தவறாமல் போய்விடுங்கள்.